குடும்பக் குழு: பாட்டாவின் வில்லுப்பாட்டு டிவிடி

சனிக்கிழமை

மார்த்தாண்டம் மாமா: [காலை வணக்கம் படம்]

தக்கலை சித்தி: எல்லோருக்கும் வணக்கம். அப்பா 2007 கோயில் கொடைத் திருவிழாவில் பாடிய வில்லுப்பாட்டு டிவிடி நம்மிடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. வருகிற கொடைக்கு முன்னால் ஆளுக்கொரு காப்பி போட்டுக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். கடையில் கொடுக்க மனசு இல்லை, தொலைந்தால் போச்சு. பிள்ளை துபாயிலிருந்து யூஎஸ்பியில் மாட்டுகிற டிவிடி ரைட்டர் ஒன்று கொடுத்து விட்டிருக்கிறான். எப்படிச் செய்வது என்று யாராவது சொல்லித் தாருங்கள். ஒன்றுமே தெரியாதவளுக்குச் சொல்வது மாதிரி சொல்லுங்கள்.

மார்த்தாண்டம் மாமா: எதுக்கு பிள்ளே இந்தப் பாடு? இதே குழுவில் வீடியோவாகப் போட்டுவிடேன்.

அம்மா: அண்ணே, அம்மைக்கு ஃபோனில் ஒன்றும் தெரிவதில்லை. டிவியில் ஓடினால்தான் பார்ப்பாள். இங்கே சுசீந்திரத்தில் அரசு கொடுத்த அந்த இலவச கலர் டிவிதான் இன்னும் ஓடுகிறது. மஞ்சள் பின், வெள்ளைப் பின் குத்தி டிவிடி பிளேயரை மாட்டியிருக்கிறோம். பென் டிரைவ் போட அதில் ஓட்டை கிடையாது.

நான்: ஆச்சி தினமும் கேட்கிறார்கள். பாட்டா பாட்டு எப்போ போடுவீங்க என்று.

வடசேரி அத்தான்: அத்தை, நான் சொல்கிறேன். உங்களிடம் ஒரே ரைட்டர்தான் இருக்கிறது, அதனால் டிஸ்கிலிருந்து டிஸ்குக்கு நேராகக் காப்பி ஆகாது. பழைய டிஸ்கை முழுசாக, அப்படியே, ஒரே ஃபைலாகக் கம்ப்யூட்டரில் இறக்க வேண்டும். அதை ஐஎஸ்ஓ என்பார்கள். அப்புறம் அந்த ஐஎஸ்ஓவைப் புது டிஸ்கில் ரைட் செய்ய வேண்டும். ரைட் செய்வது லேசு. பழைய டிஸ்கைப் படிக்க வைப்பதில்தான் சங்கடமே வரும்.

தக்கலை சித்தி: டிஸ்கைத் திறந்து பார்த்தேன் மக்களே. வீடியோ டிஎஸ் என்று ஒரு ஃபோல்டர். உள்ளே விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி என்று ஏதேதோ கிடக்கிறது. விஓபி மட்டும் ஒவ்வொன்றும் ஒரு ஜிபி. அதை மட்டும் எடுத்தால் போதாதா?

வடசேரி அத்தான்: போதாது அத்தை. படமும் சத்தமும் விஓபியில். எதை எந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்ற விவரம் ஐஎஃப்ஓவில். பியூபி அந்த ஐஎஃப்ஓவின் நகல், ஒன்று கெட்டால் மற்றது உதவும். ஒரு ஜிபிக்கு மேல் ஒரு விஓபி போகக் கூடாது என்பது டிவிடியின் விதி, அதனால்தான் துண்டு துண்டாக இருக்கிறது. ஐஎஸ்ஓவாக எடுத்தால் இதையெல்லாம் நீங்கள் தொடவே வேண்டாம். இம்ஜ்பர்ன் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் உண்டு. பழசு, 2013க்கு அப்புறம் புதுப்பிக்கவே இல்லை, ஆனாலும் இந்த வேலைக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை. இன்ஸ்டால் செய்யும்போது வேறு எதையாவது சேர்த்துப் போடவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் "நெக்ஸ்ட்" அடித்துவிடாதீர்கள்.

தக்கலை சித்தி: டிஸ்க் எது வாங்க? செட்டிக்குளம் பக்கம் ஒரு கடையில் இன்னும் இருக்கிறது என்றார்கள்.

வடசேரி அத்தான்: டிவிடி மைனஸ் ஆர் கேளுங்கள். பிளஸ் ஆரும் பெரும்பாலும் ஓடும், ஆனால் ஆச்சி வீட்டுப் பிளேயர் மாதிரி பழைய பெட்டிக்கு மைனஸ்தான் நல்லது. அட்டையில் 4.7 ஜிபி என்று இருக்கும், கம்ப்யூட்டர் 4.37 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. அவ்வளவுதான்.

பழகிப் பார்க்க மட்டும் ஒரு ஆர்டபிள்யூ வாங்கிக்கொள்ளுங்கள். அழித்து அழித்து எழுதலாம், தப்பினாலும் காசு போகாது. ஆனால் அதை ஆச்சிக்குக் கொடுக்க வேண்டாம். அதில் ஒளி குறைவாகத்தான் திரும்பி வரும், பழைய பிளேயர் பல நேரம் டிஸ்கே இல்லை என்று சொல்லிவிடும்.

மார்த்தாண்டம் மாமா: அப்போ என்னிடம் இருக்கிற பழைய சினிமா டிவிடிகளையும் இப்படியே காப்பி போட்டுக் கொடு பிள்ளே. நண்பர்கள் நாலைந்து பேர் கேட்கிறார்கள்.

வடசேரி அத்தான்: அப்பா, அது வேறு கதை. கடையில் வருகிற சினிமா டிஸ்கில் பெரும்பாலும் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். சும்மா காப்பி எடுத்தால் ஓடாது. பூட்டை உடைத்துக் காப்பி போட்டு ஊருக்குக் கொடுத்தால் சட்டத்தில் மாட்டும். 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 65ஏ என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள், இரண்டு வருஷம் வரை சிறை. பாட்டாவின் பாட்டு நம்ம வீட்டுச் சொத்து, அதில் பூட்டும் இல்லை, கேட்க ஆளும் இல்லை.

மார்த்தாண்டம் மாமா: சரி சரி. சும்மா கேட்டேன்.

மாமி: இவருக்கு நண்பர்கள் என்றால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை

தக்கலை சித்தி: மக்களே, போட்டேன். முக்கால்வாசி வரை ஓடியது. அப்புறம் ரைட்டர் கரகர என்று கத்துகிறது, நகரவே இல்லை. டிவியில் போட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். காப்பு, குருவடி, அவையடக்கம் என்று தொடக்கப் பாட்டெல்லாம் கணீரென்று வருகிறது. கதையும் நன்றாகப் போகிறது. கடைசியில் வாழி பாடுகிற இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடுகிறது.

வடசேரி அத்தான்: அது அப்படித்தான் நிற்கும் அத்தை. டிவிடியில் எழுத்து நடு ஓட்டைப் பக்கம் தொடங்கி விளிம்பை நோக்கிப் போகும். காப்பு உள்ளே, வாழி வெளி ஓரத்தில். கை படுவதும், அழுக்குச் சேர்வதும், உறையில் உரசுவதும் ஓரத்தில்தான். அந்தக் காலத்து ஸ்டூடியோக்கள் அவசரத்துக்கு ஃபுல் ஸ்பீடில் ரைட் செய்து கொடுப்பார்கள், அப்போதும் ஓரம்தான் மோசமாக விழும்.

மார்த்தாண்டம் மாமா: பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் போய்விடும் என்று ஒரு வீடியோ வந்ததே. அனுப்பவா?

வடசேரி அத்தான்: அப்பா, தயவு செய்து வேண்டாம். அது பிளாஸ்டிக்கைச் சுரண்டி எடுக்கிற வேலை. இருப்பது ஒரே டிஸ்க். அத்தை, குழாய்த் தண்ணீரில் காட்டி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு விரலால் மெதுவாகத் தடவிக் கழுவுங்கள். பழைய பருத்தித் துணியில் துடையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்க்கோடாக. வட்டமாகச் சுற்றித் துடைக்கக் கூடாது. வட்டமாக ஒரு கீறல் விழுந்தால் அது எழுத்தோடு கூடவே ஓடும், தொடர்ச்சியாக நிறைய போய்விடும். குறுக்கே விழுந்த கீறலை பிளேயர் தானே சரிக்கட்டிக்கொள்ளும்.

துபாய் தம்பி: அம்மா, ரைட்டர் வயரை லேப்டாப்பில் நேரடியாகக் குத்தியிருக்கிறீர்களா, இல்லை பல வயர் குத்துகிற அந்த யூஎஸ்பி பெட்டியிலா? அதில் குத்தினால் கரண்டு போதாது, அதனாலும் கத்தும். சார்ஜரையும் போட்டு வையுங்கள்.

தக்கலை சித்தி: பெட்டியில்தான் குத்தியிருந்தேன். மாற்றிவிட்டேன், கழுவியும் போட்டேன். கொஞ்சம் கூடுதலாகப் போகிறது, முழுசாக இல்லை.

வடசேரி அத்தான்: அப்படியென்றால் டிஸ்கை இங்கே கொண்டு வாருங்கள். ஒரு ரைட்டர் படிக்காததை இன்னொன்று படிக்கும். என் பழைய டெஸ்க்டாப்பில் பெரிய டிரைவ் இருக்கிறது. லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு சாஃப்ட்வேர் உண்டு. நல்ல இடத்தையெல்லாம் முதலில் வழித்து எடுத்துவிட்டு, அப்புறம் கெட்ட இடத்துக்குத் திரும்பி வந்து பொறுமையாகப் படிக்கும். நாளைக்கு மத்தியானம் மழை இல்லையென்றால் வாருங்கள்.

தக்கலை சித்தி: மழை இருந்தாலும் வருவேன்.

செவ்வாய்க்கிழமை

வடசேரி அத்தான்: அத்தை, ராத்திரி முழுக்க ஓட விட்டேன். வந்துவிட்டது. வாழியில் ஒரே ஒரு இடத்தில் படம் லேசாக உடைகிறது, பாட்டு அறுபடவில்லை. குடம் அடிக்கிறவர் முகம்தான் ஒரு நொடி கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

அம்மா: அது நம்ம சித்தப்பா. அவர் எப்போதும் கேமரா பக்கம் முகத்தைக் காட்ட மாட்டார்.

தக்கலை சித்தி: ஐயோ மக்களே, நல்லா இருப்பாய். இனி ரைட் செய்வதை நான்தான் செய்வேன். நீ சொல்லு போதும்.

வடசேரி அத்தான்: ஐஎஸ்ஓ ஃபைல் உங்கள் லேப்டாப்பில் போட்டுத் தந்திருக்கிறேன். 4.2 ஜிபி, ஒரு டிஸ்கில் அடங்கும். இம்ஜ்பர்னில் இமேஜை டிஸ்கில் எழுது என்ற பொத்தான். ஃபைலைக் காட்டுங்கள். வெரிஃபை என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும், எழுதி முடித்ததும் தானே படித்துச் சரிபார்க்கும். நேரம் ஒரு மடங்கு கூடும், ஆனால் அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எழுதியது படிக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

ஸ்பீடில் மேக்ஸ் என்று இருக்கும். அதை மாற்றி 8எக்ஸ் வையுங்கள். மெதுவாக எழுத எழுத நல்லது என்று பலர் சொல்வார்கள், அதுவும் முழுக்கச் சரியில்லை. இப்போது வருகிற டிஸ்கெல்லாம் 16எக்ஸுக்கு என்று செய்தவை, ரொம்பக் குறைத்தாலும் சிலது ஒத்துக்கொள்ளாது. நடுவில் வைப்பதே உத்தமம். 8எக்ஸில் ஒரு டிஸ்க் எட்டு, பத்து நிமிஷம். அந்த நேரத்தில் லேப்டாப்பில் வேறு எதையும் திறக்க வேண்டாம், மேஜையையும் ஆட்ட வேண்டாம்.

தக்கலை சித்தி: நடுவில் கரண்டு போனால்?

வடசேரி அத்தான்: லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறதே. டெஸ்க்டாப் என்றால்தான் டிஸ்க் பாழ்.

புதன்கிழமை

தக்கலை சித்தி: முதலில் ஆர்டபிள்யூவில் போட்டுப் பழகினேன். இப்போது மைனஸ் ஆரில் ஒன்று முடிந்தது. வெரிஃபையும் ஆயிற்று. அக்கா, மத்தியான பஸ்ஸில் சுசீந்திரம் வருகிறேன்.

அம்மா: வா. கிழங்கும் மீனும் வைத்திருக்கிறேன்.

நான்: ஓடுது! சித்தி கொண்டுவந்தது ஓடுது! ஆச்சி டிவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பின்பாட்டு பாடுகிறவர் எங்கெங்கே தாளம் தப்புகிறார் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

மார்த்தாண்டம் மாமா: அதெப்படி உங்களுக்கு மட்டும் ஓடுகிறது? போன வருஷம் நான் ஒரு கல்யாண வீடியோவை டிஸ்கில் போட்டு அம்மைக்குக் கொடுத்தேன், பிளேயர் துப்பிவிட்டதே.

வடசேரி அத்தான்: நீங்கள் எம்பி4 ஃபைலை அப்படியே டிஸ்குக்குள் இழுத்துப் போட்டிருப்பீர்கள் அப்பா. கம்ப்யூட்டருக்கு அது போதும். அந்தப் பழைய பிளேயருக்குத் தெரிந்தது எம்பெக்1, எம்பெக்2 என்ற பழைய வீடியோ முறைகள் மட்டும்தான், அதுவும் வீடியோ டிஎஸ் ஃபோல்டரில், பெரும்பாலும் 720க்கு 576 அளவில், நொடிக்கு 25 படம் என்ற கணக்கில் இருக்க வேண்டும். நம்ம ஊர் டிவிக்கான பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை அது. டிவிடிஸ்டைலர் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் எம்பி4ஐ அப்படி மாற்றித் தரும்.

மாமி: அப்போ நம்ம பால்காய்ப்பு விசிடி? 2003இல் எடுத்தது, இரண்டு சிடி. ஒரே டிவிடியில் போட முடியுமா?

வடசேரி அத்தான்: முடியும் அம்மா. ஒரு டிவிடியில் ஆறேழு சிடிக்குரிய இடம் இருக்கிறது. விசிடியில் எம்பெக்ஏவி என்ற ஃபோல்டரில் டேட் என்று முடிகிற ஃபைல் இருக்கும், அதுதான் வீடியோ. படத்தை டிவிடி ஏற்றுக்கொள்ளும், சத்தத்தை மட்டும் 44.1லிருந்து 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்ற வேண்டும். அதையும் டிவிடிஸ்டைலரே பார்த்துக்கொள்ளும். படம் இப்போது இருப்பதை விடத் தெளிவாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், விசிடியில் இருக்கிற புள்ளிகளே அவ்வளவுதான்.

ஆனால் சிடியை உடனே எடுத்துப் பாருங்கள். டிவிடியில் எழுத்துப் பரப்பு இரண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவே இருக்கும். சிடியில் அது படம் ஒட்டியிருக்கிற மேல் பக்கத்தை ஒட்டியே இருக்கும். மேலே கீறல் விழுந்தால் முடிந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசி ஓட்டை மாதிரி தெரிந்தால் அந்த இடம் போய்விட்டது. நம்ம மாவட்டத்தில் ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. அலமாரியில் ஈரம் குடித்தே பாதி சிடி போயிருக்கும்.

மாமி: இரும்பு பீரோவில்தான் வைத்திருக்கிறேன். பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை

தக்கலை சித்தி: எல்லோருக்கும் ரைட் செய்தாயிற்று. டிஸ்க் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாமா? அப்பா படம் போட்டு அச்சடிக்கலாம் என்று நினைத்தேன்.

வடசேரி அத்தான்: ஸ்டிக்கர் வேண்டாம் அத்தை. ஒரு பக்கம் கனம் கூடினால் சுற்றும்போது ஆடும், வெயிலில் பசை இளகினால் இன்னும் மோசம். படத்தை உறையில் போடுங்கள். டிஸ்கில் மெத்தென்ற முனையுள்ள சிடி மார்க்கரால் தேதி மட்டும் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா கூடவே கூடாது. வெயில் படாமல், புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். டிஸ்கை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். ஐஎஸ்ஓ ஃபைல் ஒன்று உங்கள் லேப்டாப்பில், ஒன்று துபாயில், ஒன்று என்னிடம்.

துபாய் தம்பி: எனக்கு ராத்திரியே வந்துவிட்டது. இங்கே ரூமில் போட்டோம். குளச்சல்காரர் ஒருத்தர் கூட உட்கார்ந்து முழுசாகப் பார்த்தார்.

மார்த்தாண்டம் மாமா: பிள்ளே, எனக்கு நாலு டிஸ்க் வேண்டும். ஐஎஸ்ஓவும் வேண்டும். பென் டிரைவ் கொண்டு வந்து உன் லேப்டாப்பில் போட்டேனே, 32 ஜிபி காலியாக இருக்கிறது, ஆனால் ஃபைல் பெரிது என்று ஏற மாட்டேன் என்கிறது. நீ கடைக்குப் போயிருந்தாய்.

தக்கலை சித்தி: அண்ணே, உங்கள் பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் அதில் ஏறாது, எவ்வளவு காலி இடம் இருந்தாலும். உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மட் செய்யுங்கள், ஏறும்.

வடசேரி அத்தான்: அத்தை!

தக்கலை சித்தி: டிஸ்க் ஆளுக்கு ஒன்றுதான் அண்ணே. மற்றதை நீங்களே ரைட் செய்யுங்கள். ரைட்டர் தருகிறேன், பிளாங்க் டிஸ்க் உங்கள் காசில். 8எக்ஸ் வைக்க வேண்டும், வெரிஃபை டிக் இருக்கிறதா பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மைனியும் விசிடியோடு வருகிறார்களா?

மாமி: வருகிறேன். ஒரு சிடியில் ஓட்டை தெரிகிறது, இன்னொன்று நன்றாக இருக்கிறது. பாலைக் காய்ச்சினது இருக்கிறது, பந்திதான் போய்விட்டது போல.

மார்த்தாண்டம் மாமா: பந்தி போனால் போகட்டும், அதில் நான் சாம்பார் வாளியோடு ஓடுகிறதுதான் இருக்கும்.