வயரே இல்லாத மெஷினுக்கு "வயர் நல்ல நீளம்"னு ரிவ்யூ: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

தூசிதட்டி

வேக்கம் கிளீனர் வாங்கலாம்னு தேடுனேன், வழக்கம் போல முதல் பக்கம் பூரா "டாப் 10" லிஸ்ட் தான். அதுல ஒண்ணு பாக்க நல்லா நம்புற மாதிரி இருந்துச்சு, டேபிள் எல்லாம் போட்டு, முதலிடத்துக்கு 10க்கு 9.4 மார்க். லிங்க அமுக்கினேன், வாங்கிட்டேன். மிதியடில இருக்கிற முடியக் கூட எடுக்கல, சார்ஜும் நிக்கல. சரி போகட்டும், அது இல்ல விஷயம். திருப்பி அனுப்பப் பெட்டில வைக்கும்போது ஒரு கடுப்புல அந்த ரிவ்யூவ மறுபடி படிச்சேன். "வயர் நல்ல நீளம், பிளக்க மாத்தாமலே அடுத்த ரூம் வரை போகலாம்"னு இருக்கு. நான் கைல வெச்சிருக்கறது கார்ட்லெஸ்ங்க. ஒரு கைல மெஷின், ஒரு கைல போன், எனக்கே சந்தேகம் வந்து மெஷின திருப்பித் திருப்பி வயரத் தேடுறேன். பொண்ணு வந்து "என்னப்பா தேடுற"ன்னா. "வயர்"ன்னேன். "அதுக்குத் தான் வயரே கிடையாதேப்பா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா.

காசு கூட திரும்பி வந்துடுச்சு. அந்த வயர் மட்டும் மனச விட்டுப் போக மாட்டேங்குது.

பேர் வேண்டாம்

அந்த வயர எழுதினது நானா கூட இருக்கலாம். சத்தியமா.

ரெண்டு வருஷம் இந்த வேலை தான் பாத்தேன், வார்த்தைக்கு இவ்வளவுன்னு. ஒரு ஷீட் வரும், பத்துப் பொருளோட லிங்க், எந்த வார்த்தை எத்தன தடவ வரணும், "ப்ளஸ் நாலு மைனஸ் ரெண்டு, மைனஸ் வாங்குறவங்கள பயமுறுத்தக் கூடாது". அதுக்குன்னே ஸ்டாக் வெச்சிருப்போம், "கலர் கம்மி", "கொஞ்சம் வெயிட்டா இருக்கு", இந்த ரெண்டையும் எதுக்கு வேணா போடலாம். பழைய ஆர்ட்டிக்கிள காப்பி எடுத்து மாடல் பேர மாத்தும்போது தான் உங்க வயர் மாதிரி ஒண்ணு மிஞ்சி நிக்கும். "எங்க டீம் 60 மணி நேரம் சோதிச்சோம்"னு வரும்ல, டீம்னா நான், என் லேப்டாப், ராத்திரி பதினோரு மணி.

விட்டு வெளிய வந்து ரொம்ப நாள் கழிச்சு மாமனார் ஒரு லிங்க் அனுப்பினாரு. அத்தைக்கு வீசிங் இருக்கு, ஏர் பியூரிஃபையர் வாங்கணும். "மாப்ள, இவங்க ஆறு மெஷின ஒரே ரூம்ல வெச்சு புகை போட்டுப் பாத்திருக்காங்க, நம்பி வாங்கலாம்ல?" அந்தப் புகைய போட்டது நான் தான், கீபோர்டுல. மூணு தடவ டைப் பண்ணி அழிச்சுட்டு, "வேற ஒண்ணு நல்லா இருக்கு மாமா, நான் அனுப்புறேன்"னு மட்டும் போட்டேன். அதுக்கு அவர், "உங்களுக்கு எப்படித் தெரியும் மாப்ள, இவங்க சோதிச்சிருக்காங்களே"ன்னு கேட்டாரு. இன்னிக்கு வரைக்கும் அதுக்கு பதில் சொல்லல.

சொந்தக்காசு

எல்லா அஃபிலியேட் சைட்டும் (லிங்க் வழியா ஒருத்தர் வாங்கினா கமிஷன் எடுக்கிற சைட்) திருட்டுன்னு சொல்லிட்டுப் போறது ஈஸி. நானும் ஒண்ணு வெச்சிருக்கேன், மைக், ஹெட்ஃபோன் மட்டும், ஒவ்வொண்ணும் சொந்தக் காசுல வாங்கித் தான் எழுதுறேன், லிங்க்ல வர்ற கமிஷன்ல அடுத்தத வாங்குறேன். லிங்க் வேணாம்னா காசு எங்கருந்து வரும், கம்பெனி ஓசில அனுப்புற சாமான்ல இருந்தா? அது இத விட மோசம். தூசிதட்டி, உங்க பக்கத்துலயும் மேலயே "எங்களுக்கு கமிஷன் வரும்"னு இருந்திருக்கும், அமேசான் லிங்க் வெச்சா அத போட்டே ஆகணும், ஒப்பந்தத்துலயே இருக்கு. படிச்சீங்களா?

எப்படி ஓடுதுன்னும் தெரிஞ்சுக்கோங்க. ஒருத்தர் என் லிங்க அமுக்கினா 24 மணி நேரம் கணக்கு, அதுக்குள்ள அங்க அவர் வாங்குற மத்த சாமானுக்கும் எனக்கு வரும், அந்த நேரத்துல ஷாப்பிங் கார்ட்ல போட்டு வெச்சிருந்தா 90 நாள் வரை. எனக்கு முதல் தடவ நல்ல காசு வந்தது மைக்ல இல்ல, யாரோ மைக் லிங்க அமுக்கிட்டு நாய்க்கு கூண்டு வாங்கியிருக்காங்க. அதனால எனக்கு எந்த பிராண்டு ஜெயிச்சாலும் ஒண்ணு தான். அப்புறம் 2020 ஏப்ரல்ல அமேசான் அமெரிக்காவுல ஃபர்னிச்சர், வீட்டு சாமான் கமிஷன 8 சதவீதத்துல இருந்து 3க்கு இறக்குச்சு. அப்படி இறக்கினா நேர்மையா வாங்கி டெஸ்ட் பண்றவன் தான் முதல்ல சாவான், வாங்காமலே எழுதுறவனுக்கு என்ன நஷ்டம்?

ஒண்ணே ஒண்ணு ஒத்துக்கறேன். ஒரு மைக்க ரெண்டு மாசம் யூஸ் பண்ணிட்டு "வாங்காதீங்க"ன்னு எழுதினேன். என் சைட்லயே அதிகம் பேர் படிச்சது அது தான். வருமானக் கணக்க தெறந்தா அந்தப் பக்கத்துக்கு நேரா பூஜ்யம். அந்தப் பூஜ்யத்த பாத்துட்டே ஒரு நிமிஷம், கொஞ்சம் பதமா எழுதியிருக்கலாமோன்னு தோணிடுச்சு. மாத்தல. ஆனா தோணுச்சு.

ராத்திரி ஷிப்ட்

எந்த பிராண்டு ஜெயிச்சாலும் ஒண்ணு தான்ங்கறது அமேசான் லிங்க் மட்டும் வெச்சிருக்கிற உங்களுக்கு சரி. விபிஎன் (நெட்ல நாம யாரு, எங்க இருக்கோம்னு மறைக்கிற சேவை) பக்கம் வாங்க. அங்க ஒவ்வொரு கம்பெனியும் நேரா டீல் பேசும், யார் அதிகம் தர்றாங்களோ அவங்களுக்கு மேல இடம் குடுக்கத் தான் கை போகும். அதுக்கும் மேல ஒரு கூத்து இருக்கு, சைபர்கோஸ்ட் விபிஎன்ன வெச்சிருக்கிற கேப் டெக்னாலஜீஸ் 2021ல விபிஎன்மென்டர், விஸ்கேஸ்ங்கிற ரிவ்யூ சைட்டுங்க நடத்துற கம்பெனியவே வாங்கிடுச்சு, அதே வருஷம் எக்ஸ்பிரஸ்விபிஎன்னையும் வாங்குச்சு. பரீட்சை எழுதுறவனே பேப்பர் திருத்துற ஆபீஸ வாங்கின கதை.

நான் ஏமாந்தது அவங்க கிட்ட இல்ல, வேற சைட், வேற விபிஎன். மூணு வருஷ பிளான் ஒரே அடியா கட்டினேன், நாலாவது நாள்ல இருந்து அப்பப்ப கனெக்‌ஷன் புட்டுக்கும். ஷிப்ட்ல காலைல மூணு மணிக்கு வேலை இல்லாம அந்த சைட்ட கீழ வரைக்கும் உருட்டினேன், எல்லாத்துக்கும் அடில சாம்பல் கலர்ல பொடி எழுத்து, "இங்கே இடம்பெறும் சில சேவைகள் எங்கள் தாய் நிறுவனத்தைச் சேர்ந்தவை". சாம்பல் பின்னணில சாம்பல் எழுத்து. போன்ல வெளிச்சத்த ஏத்தினா தான் தெரியுது. 2024 அக்டோபர்ல அமலுக்கு வந்த அமெரிக்க எஃப்டிசி (வாங்குறவங்கள ஏமாத்தாம பாத்துக்கிற அரசு அமைப்பு) விதில, கம்பெனி தன் கைல இருக்கிற சைட்ட சுயேச்சையான ரிவ்யூ சைட்னு பொய்யா காட்டினா தப்பு. இவன் தான் பொடி எழுத்துல சொல்லிட்டானே, அப்ப என்ன பண்றது?

முதுகுவலி

மெத்தை. அந்த உலகமே தனி. 2016ல காஸ்பர்ங்கிற மெத்தை கம்பெனி மூணு ரிவ்யூ சைட்டுங்க மேல கேஸ் போட்டுச்சு. அதுல ஸ்லீபோபொலிஸ்ங்கிற சைட்ட அடுத்த வருஷமே வேற ஆளுங்க வாங்கினாங்க, வாங்கக் கடன் குடுத்தது யாருன்னா அதே காஸ்பர். நான் வாங்கினது வேற பிராண்டு. பெட்டியப் பிரிச்சதும் ரிவ்யூல சொன்ன மாதிரியே புஸ்ஸுன்னு எழுந்துச்சு, அதோட சரி. மூணாவது மாசம் நடுவுல பள்ளம். அதுல படுத்துட்டு தான் இத டைப் பண்றேன்.

கணக்குப்பிள்ளை

எனக்குப் பெருசா ஒண்ணும் நடக்கல, ஒரு கெட்டில்ல ஏமாந்தேன், மூடி நிக்காது. ஆனா யாரும் வழி சொல்லலையே, அதனால சொல்றேன். முதல்ல போட்டோவ பாருங்க, கம்பெனி தர்ற வெள்ளைப் பின்னணி படம் மட்டும் இருந்தா தொட்டதே இல்லன்னு அர்த்தம், யாரோட வீட்டுத் தரையாவது, விரலாவது படத்துல தெரியணும். அடுத்து தோத்த பொருள் எதுன்னு தேடுங்க, பத்துக்குப் பத்தும் "சூப்பர்"னா அது ரிவ்யூ இல்ல, கடை. கடைல வாங்கினவங்க எழுதினதுல அஞ்சு ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் விட்டுட்டு மூணு ஸ்டார் குடுத்தவங்கள படிங்க, அவங்க தான் நிதானமா இருப்பாங்க. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்னு அமெரிக்காவுல 1936ல இருந்து இருக்கு, லாப நோக்கம் இல்லாதது, கடைல காசு குடுத்து வாங்கித் தான் டெஸ்ட் பண்ணுவாங்க, விளம்பரம் எடுக்க மாட்டாங்க (அவங்க சைட்லயும் இப்ப கமிஷன் லிங்க் இருக்கு, அது வேற விஷயம்). வயர்கட்டர்ங்கிற ரிவ்யூ சைட் நேர்மையான பேர் எடுத்ததே இந்த லிங்க் காசுல தான், 2016ல நியூயார்க் டைம்ஸ் அத வாங்குச்சு. அப்ப லிங்க் இருக்கா இல்லையாங்கறது இல்ல கேள்வி, சொந்தக்காசு சொல்றது பாதி சரி. ஆனா அந்த மாதிரி ஆள கூகுள்ல எப்படிக் கண்டுபிடிப்பீங்க? ஜெர்மனில லைப்சிக் பல்கலைக்கழக ஆளுங்களும் இன்னும் சிலரும் ஒரு வருஷம் 7,392 பொருள் தேடல கூகுள், பிங், டக்டக்கோல போட்டுப் பாத்து 2024ல எழுதினாங்க. மொத்த வலைல ரிவ்யூ பக்கங்கள்ல கொஞ்சம் தான் அஃபிலியேட் வெச்சிருக்கு, தேடினா மேல வர்றதுல பெரும்பாலும் அது தான் இருக்கு, மேல வர்ற பக்கங்களோட எழுத்துத் தரமும் கம்மியா இருக்குன்னு. அதனால ரெண்டாவது, மூணாவது பக்கம் வரைக்கும் போங்க, பொருள் பேரோட "ரிப்பேர்"னு சேத்துத் தேடுங்க, அப்புறம்

தூசிதட்டி

அண்ணே போதும். வழி கேக்கல நான், நடந்தத சொன்னேன். உங்க கெட்டில் கதை ஒரு வரி, அட்வைஸ் ஒரு கிலோமீட்டர்.

சொந்தக்காசுக்கு: படிச்சேன்ங்க. கமிஷன் வரும்னு மேலயே போட்டிருந்துச்சு. மெஷின கண்ணால பாத்ததே இல்லைன்னு போடல.

பேர் வேண்டாம், உங்க மேல கோவம் இல்ல. மாமாவுக்கு உண்மைய சொல்லிடுங்க.

அப்புறம் நேத்து நடந்தது. அந்த சைட்டுக்கு மெயில் போட்டிருந்தேன், இது கார்ட்லெஸ், வயரே கிடையாதுன்னு. பதில் வரல. காலைல போய்ப் பாத்தா மாத்தியிருக்காங்க. "வயர் தொல்லையே இல்லை, இதுதான் இந்த மாடலின் பெரிய ப்ளஸ்." கீழ "மறுபடி சோதித்த நாள்"னு நேத்து தேதி. மார்க் அதே 9.4.