கங்கைகொண்ட சோழபுரம் கட்டுரை: மாளிகைமேடு பகுதிக்குச் சான்று தேவை

கட்டற்ற கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில் கங்கைகொண்ட சோழபுரம் கட்டுரையை விரிவாக்கி வருகிறோம். முதலாம் இராசேந்திரன் காலம் தொட்டு சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறக்குறைய 250 ஆண்டுகள் தலைநகராக இருந்த ஊர் இது. ஆனால் கட்டுரையில் முக்கால் பங்கும் கோயில்தான். நகரம் எங்கே?

கோயில் விவரங்களைத் தனிக் கட்டுரைக்கு மாற்றியாயிற்று. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) உள்ள படம் ஒன்று தவறாக இங்கே இருந்தது, நீக்கிவிட்டோம் (தஞ்சையில் விமானத்தின் விளிம்பு நேர்கோடாக ஏறும், இங்கே உள்வாங்கி வளையும், படம் சேர்ப்பவர்கள் இதைப் பார்த்தாலே போதும்). சோழகங்கம் ஏரிக்குத் திருவாலங்காட்டுச் செப்பேட்டையும், கோயில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 2004-இல் சேர்ந்ததற்கு யுனெஸ்கோ பக்கத்தையும் சான்றாகக் கொடுத்தாயிற்று.

சிக்கல், சோழர் அரண்மனை இருந்த இடமான மாளிகைமேட்டில். அங்கே அகழாய்வில் கிடைத்த செங்கல் அடித்தளச் சுவர்கள், கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பானை ஓடுகள் பற்றி எழுதிய பத்திகளுக்கு நாளிதழ்ச் செய்திகளே சான்று. ஒரு செய்தியின் அளவு இன்னொன்றோடு ஒத்துப்போவதில்லை, எந்த ஆண்டுக் குழியில் எது கிடைத்தது என்பதும் கலந்துவிடுகிறது. அதனால் "மேற்கோள் தேவை" வார்ப்புரு (சான்று போதாத வரியில் இடும் எச்சரிக்கைக் குறிப்பு) திரும்பத் திரும்ப வந்து விழுகிறது. வலைப்பதிவுகளைத் தேடினால் அவை நம் கட்டுரையையே நகலெடுத்திருக்கின்றன. அவற்றைச் சான்றாக்கினால் வட்டச் சான்றாகிவிடும். கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் (தொகுப்பவர்கள் உரையாடும் இடம்) கேட்டும் பதில் இல்லை. திருத்திய வரைவு மணல்தொட்டியில் (வரைவுகளை எழுதிப் பார்க்கும் பக்கம்) தயாராக இருக்கிறது.

1980-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை மாளிகைமேட்டில் நடத்திய அகழாய்வின் அச்சு அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர்கள், அரண்மனைச் சுவர் அளவுகள் வரும் பக்க எண்களைச் சரிபார்த்துத் தர முடியுமா?