புதுப்பிப்பு: பழைய காரின் பிரேக் டிரம் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது

என் 1974 மாடல் காரின் பின் சக்கர பிரேக் டிரம்மை (பிரேக் பாகங்களை மூடியிருக்கும் உலோக உருளை) கழற்றலாமா, உள்ளே இருக்கும் தூசியை என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முக்கியமாக, "கம்ப்ரஸர் காற்றை மட்டும் அடித்துவிடாதே, முதலில் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பு" என்றவருக்கு. நான் காற்றடிக்கத்தான் இருந்தேன்.

பிரேக் லைனிங் (டிரம்மின் உள்பக்கம் உரசும் பட்டை) துண்டை நனைத்து, இரட்டைப் பையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். கிரைசோடைல், அதாவது வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் (இழை மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கனிமம்), இருப்பதாக முடிவு வந்தது. கண்ணால் பார்த்து இதைச் சொல்லவே முடியாது.

அப்புறம் பி100 ஃபில்டர் (மிக நுண்ணிய தூசியையும் தடுப்பது) போட்ட அரைமுக மாஸ்க் மாட்டிக்கொண்டு (தாடி இருந்தால் முகத்தோடு ஒட்டாது, எடுத்துவிட்டேன்), சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து, டிரம்மைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்தேன். ஒரு தடவை துடைத்த துணி நேராகப் பைக்குள். சாதாரண வேக்கம் கிளீனர் வேண்டாம், நுண்ணிய இழைகளை மறுபடி காற்றில்தான் விடும்.

எதிர்பாராதது ஒன்று: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டையும் (என்ஜினும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் கசிவைத் தடுக்கும் தகடு) சும்மா சேர்த்து அனுப்பியிருந்தேன், அதிலும் இருந்தது. கிளட்ச் வேலை இன்னும் பாக்கி, அதையும் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொண்டு ஈரமாகவே செய்வேன்.