சாடிக் கள்ளியும் எங்கள் மண்ணும்: யாழ்ப்பாணத்து அனுபவப் பகிர்வு

உரும்பிராயிலிருந்து ஓர் உறுப்பினர்

கள்ளிக்கு எங்கள் வெயிலே போதும், மண்ணைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை என்று நம்பி வளர்த்த பத்தொன்பது சாடிகளில் பதினொன்றை 2021ஆம் ஆண்டு மாரியில் இழந்தேன். வெங்காயமும் மரவள்ளியும் செழிக்கும் செம்மண் கள்ளிக்கும் பொருந்தும் என்றுதான் நினைத்தேன். வேலியோரத்துச் சதுரக்கள்ளி அந்த மண்ணில் தலைமுறையாக நிற்பதும் என்னை ஏமாற்றிவிட்டது. பால் வடியும் அந்தச் செடி வேறு குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும், நான் சாடியில் வைத்திருந்தவை அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை என்பதையும் பிறகுதான் படித்தறிந்தேன்.

தோட்டத்தில் செம்மண் தண்ணீரை விரைவாக உள்வாங்குகிறது; அதன் கீழே வெடிப்புகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் இருப்பதால் நீர் இறங்கிப் போக வழியும் உண்டு. அதே மண்ணை ஆறு அங்குலச் சாடியில் இட்டு மாதக்கணக்காகத் தண்ணீர் ஊற்றும்போது, நுண்துகள்கள் இடைவெளிகளை அடைத்துவிட, வேருக்குக் காற்றே கிடைக்காமல் போகிறது.

பட்டுப்போன ஒரு செடியைச் சாடியோடு கவிழ்த்துப் பார்த்தேன். மேல்மண் ஓர் அங்குல ஆழத்துக்குக் காய்ந்து வெடித்திருந்தது. நடுவிலோ, விற்பனைக்கு வந்தபோதே வேரைச் சுற்றியிருந்த தும்புத்தூள், கோழிமுட்டை அளவு கறுத்த உருண்டையாக, பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் இருந்தது. வேரொன்றை இழுத்தபோது அதன் தோல் உறைபோலக் கழன்று விரலோடு வந்தது. உள்ளே நூல் மட்டுமே மிஞ்சியது. தண்டின் அடியைக் கத்தியால் வெட்டியதும் செம்பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரிந்தது. நான் மேல்மண் காய்ந்ததைப் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் ஊற்றிய அத்தனை நாட்களும் வேர் அழுகிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது புதிய செடி வாங்கினால், அந்த உருண்டையை முழுவதும் உதிர்த்து, வேரை நிழலில் உலரவிட்டு, நட்டபின் ஒரு கிழமை வரை தண்ணீர் காட்டுவதில்லை. நடுவதற்குப் பழைய கூரை ஓடுகளைக் கடலைப்பருப்பு முதல் கச்சான் பருப்பு வரையிலான அளவில் உடைத்து, அரிதட்டில் அரித்துத் தூளை நீக்கி, அதில் நான்கு பங்குக்குக் கழுவிய பருமணல் இரண்டு பங்கும், கரித்துண்டும் நன்கு உக்கிய மாட்டெருவும் ஒவ்வொரு பங்கும் சேர்க்கிறேன். தூளை நீக்கும் வேலை சலிப்பானதுதான், ஆனால் அதை விட்டுவிட்டால் மற்றவையெல்லாம் வீண். சுண்ணாம்புச் சாந்து ஒட்டிய செங்கல் துண்டுகளைச் சேர்க்க வேண்டாம்; சுண்ணாம்பு கலவையின் காரத்தன்மையை ஏற்றிவிடும். கள்ளிகளுட் பெரும்பாலானவை சற்று அமிலத்தன்மையுள்ள, பிஎச் 5.5 முதல் 6.5 வரையிலான கலவையில் நன்றாக வளர்கின்றன.

சாடியின் அடியில் சல்லிக்கல் பரப்பும் வழக்கத்தையும் விட்டுவிட்டேன். மேலேயுள்ள நுண்மண் முழுவதும் நீரால் நிறைந்த பின்னரே கல்லிடுக்குக்குள் நீர் இறங்கும் என்பதால், ஈரம் தேங்கும் அடுக்கு வேருக்கு இன்னும் அருகில் வந்துவிடுகிறது.

பருத்தித்துறையிலிருந்து ஓர் உறுப்பினர்

எனது தவறு இதற்கு நேர்மாறானது. மணற்காட்டுப் பக்கத்தில் நாகதாளி வெறும் மணலில் புதராக நிற்பதைக் கண்டு, கடற்கரை மணலிலேயே மமிலாரியா என்னும் சிறிய கள்ளிகளை நட்டேன். தண்ணீர் தேங்கவில்லை, வேரும் அழுகவில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குள் நுனி வெளுத்து மஞ்சளாகி, வளர்ச்சி நின்றுவிட்டது. நாகதாளி கரீபியக் கடலோரங்களைத் தாயகமாகக் கொண்டது, உப்பைத் தாங்கக்கூடியது. மமிலாரியாக்களுட் பல மெக்சிக்கோவின் உள்நாட்டு மேட்டுநிலங்களைச் சேர்ந்தவை. சிப்பித்துகளும் உப்பும் கலந்த மணல் அவற்றுக்கு எப்படி ஒத்துக்கொள்ளும்?

மணலை மாற்றிய பிறகும் முழுப் பயன் கிடைக்கவில்லை, ஏனெனில் எங்கள் கிணற்று நீரே சுண்ணாம்பு மிகுந்தது. கேத்தலின் உள்ளே படிகின்ற அதே வெள்ளைப் படிவு சாடியின் விளிம்பிலும் செடியின் அடியிலும் படிகிறது. கலவையின் காரத்தன்மை ஏற ஏற, மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடிவதில்லை. மாரியில் பீலியிலிருந்து விழும் மழைநீரை மூடியுள்ள பரலில் சேமித்து, கோடை முழுவதும் கள்ளிகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஒரு வருடத்துக்குள் புதிய வளர்ச்சி பச்சையாக வந்தது. பழைய மஞ்சள் பகுதி மட்டும் மாறவில்லை.

நல்லூரிலிருந்து ஓர் உறுப்பினர்

முதலில் எழுதியவரின் கலவையோடு ஓரிடத்தில் நான் மாறுபடுகிறேன். சோளகக் காற்று வீசும் மாதங்களில், மதில்மேல் வைத்த மண்சாடிகளில் அந்தக் கலவை இரண்டே நாளில் எலும்பாகக் காய்ந்து, சிறு கன்றுகளின் நுண்வேர்கள் கருகிவிட்டன. ஆகவே மூன்று அங்குலத்துக்குக் குறைந்த சாடிகளுக்கு மட்டும், அரித்துத் தூள் நீக்கிய செம்மண் கட்டிகளில் ஒரு பங்கு சேர்க்கிறேன்; பெரிய சாடிகளுக்குச் சேர்ப்பதில்லை.

ஐப்பசி பிறந்ததும் எல்லாச் சாடிகளையும் தாவாரத்துக்குள் எடுத்துவிடுகிறேன், ஏனெனில் வாடைக் காலத்தின் தொடர்மழையை எந்தக் கலவையாலும் தாங்க முடியாது. கார்த்திகையில் தண்ணீரே ஊற்றுவதில்லை. செடிகள் சற்றுச் சுருங்கும், அதற்காகப் பயப்பட வேண்டாம். தைப் பொங்கல் கழிந்து நல்ல வெயில் வந்தபின் ஒரு முறை நிறைய ஊற்றினால், நான்கைந்து நாளில் அவற்றின் விலா மடிப்புகள் மீண்டும் விரிந்துவிடும்.