அலுமினியம் 1900 டிகிரி, தண்ணீர் சூடே ஆகவில்லை. அவசரம்!

செக்காலை_பையன்: காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். இறுதியாண்டு ப்ராஜெக்ட், கணினியில் வெப்ப சிமுலேஷன். அலுமினியத் தட்டு, உள்ளே தண்ணீர் ஓடுகிறது. தட்டு 1900 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகிறது (660-லேயே உருகிவிடுமே!). தண்ணீர் 30-ல் நுழைந்து 30-லேயே வெளியே வருகிறது. நாளை ரிவ்யூ.

மெஷ்_மணி: எந்த சாஃப்ட்வேர்? எத்தனை வாட்? நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்? துளை விட்டம்? ஜோசியமா பார்க்கிறோம் இங்கே?

வால்வு: டர்புலன்ஸ் மாடல்தான் தப்பு, அதாவது தண்ணீரின் கொந்தளிப்பைக் கணக்கிடும் முறை. கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற மாடலைப் போடுங்கள், சுவரையொட்டிய முதல் கட்டம் எவ்வளவு நெருக்கம் என்று காட்டும் ஒய்-பிளஸ் 1 வரவேண்டும்.

பழைய_கை: குழாய்த் தண்ணீருக்கு எவ்வளவு வெப்பம் போகும் என்று சொல்லும் டிட்டஸ்-போல்ட்டர் சூத்திரத்தைக் கையால் போட்டுப் பார்த்தீர்களா தம்பி? எங்கள் காலத்தில் பட்டனைத் தட்டிவிட்டு ஊரைக் கூட்டமாட்டோம்.

செக்காலை_பையன்: ஃப்ளூயண்ட். 120 வாட். 1 லிட்டர். 6 மி.மீ. ஸ்டெடி (நேரத்தோடு மாறாத நிலை).

வால்வு: ரெனால்ட்ஸ் எண் 4000-ஐத் தாண்டுகிறது, ஓட்டம் கொந்தளிப்புதான். சொன்னேன் அல்லவா?

மெஷ்_மணி: தாண்டட்டும். 120 வாட்டுக்கு, 1 லிட்டரில் தண்ணீர் 1.7 டிகிரி ஏறியாக வேண்டும். மாடல் தப்பென்றால் தட்டின் சூடு கூடும், குறையும்; தண்ணீர் ஏறாமல் நிற்காது. தட்டும் தண்ணீரும் ஒட்டவே இல்லை. இரண்டையும் ஒரே எல்லையில் இணைக்கும் ஷேர் டோபாலஜி போட்டீர்களா? சுவர் பெயரோடு ‘ஷேடோ’ என்று இன்னொன்று வந்திருக்கிறதா? இல்லையென்றால் இரண்டும் தனித்தனிச் சுவர். நீங்கள் தொடாதவரை வெப்பப் பாய்வு 0 என்றே கிடக்கும்.

ஆச்சி_வீடு: இத்தனை எதற்கு? எங்கள் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் வெறுங்காலோடு நில்லுங்கள். மே மாதத்திலும் சில்லென்று இருக்கும்.

பழைய_கை: அது முற்றத்துக் காற்றும் கனத்த சுவரும் செய்கிற வேலை. கல்லுக்கு அதில் பங்கில்லை.

வால்வு: அப்படியா? பக்கத்தில் கோரைப்பாயை விரித்து ஒரு கால் பாயில், ஒரு கால் கல்லில் வையுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலைதான், கல் மட்டும் ஏன் சில்லென்கிறது? காலின் சூட்டைக் கல் வேகமாக இழுக்கிறது.

பழைய_கை: முதலில் அது கல்லே இல்லை. கண்ணாடி மேல் வார்த்த சிமெண்டு.

ஆச்சி_வீடு: எங்கள் ஊரில் கல் என்றுதான் சொல்வோம்!

மெஷ்_மணி: தரைச் சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, என்ன ஆச்சு?

(இரண்டு நாள் கழித்து)

செக்காலை_பையன்: ஷேடோ இல்லைதான். ஷேர் போட்டு மறுபடி மெஷ் (கணக்குக்கான கட்ட வலை) எடுத்தேன். தண்ணீர் 31.7-ல் வெளியே வருகிறது. நன்றி அண்ணே, ரிவ்யூ முடிந்தது.

வால்வு: ஒய்-பிளஸ் எவ்வளவு வந்தது?