30 அடி ஆர்வியில் யெல்லோஸ்டோன்: கேலனுக்கு எத்தனை மைல் எதிர்பார்க்கலாம்?

வளைகுடாவாசி:

வணக்கம். ஜூலை கடைசியில் கலிபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். பெரியவர்கள் நாலு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். வாடகைக்குப் பேசியிருப்பது 30 அடி கிளாஸ் சி மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வரும் ஆர்வி வண்டி). ஃபோர்டு இ-450 சேஸிஸ், 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின், டிரைவர் தலைக்கு மேல் படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் வகை.

ஐ-80 பிடித்து டானர் கணவாய், ரீனோ, எல்கோ, வெல்ஸ். அங்கிருந்து யுஎஸ்-93-இல் ட்வின் ஃபால்ஸ், பிறகு ஐடஹோ ஃபால்ஸ் வழியாக வெஸ்ட் யெல்லோஸ்டோன். ஒரு வழிக்கு 950 மைல் வருகிறது. பூங்காவுக்குள் சுற்றுவதையும் சேர்த்து 2,200 மைல் என்று வைத்திருக்கிறேன்.

வாடகைக்கு விடுபவர்கள் "8 முதல் 10 எம்பிஜி" (கேலனுக்கு அத்தனை மைல்) என்கிறார்கள். 8 என்றால் 275 கேலன், 10 என்றால் 220. கேலன் 4 டாலர் என்று வைத்தாலே 220 டாலர் வித்தியாசம். எது நம்மை 8-க்குத் தள்ளும், எது 10-க்குக் கொண்டுபோகும்? 25 அடி வண்டிக்கு மாறினால் மிச்சமாகுமா? அரிசி, பருப்பு, பாத்திரம், குடிதண்ணீர் எல்லாம் ஏற்றுவோம், அந்தச் சுமை எவ்வளவு தின்னும்? ஜெனரேட்டர் எவ்வளவு குடிக்கும்?

---

ரீனோ_ராகவி:

நீளத்தை மறந்துவிடுங்கள். 25 அடிக்கும் 30 அடிக்கும் மைலேஜில் பெரிய வித்தியாசம் வராது, ஏனென்றால் இரண்டுக்கும் முகம் ஒன்றுதான். அகலம் எட்டடிக்கு மேல், உயரம் 11 அடிக்கு மேல், நெற்றியில் அந்தப் படுக்கை மேடு. நெடுஞ்சாலையில் என்ஜின் செய்யும் வேலையில் பெரும்பங்கு இந்தச் சுவரைக் காற்றுக்குள் தள்ளுவதுதான். ஆறு பேருக்கு 30 அடி வசதி என்றால் அதையே எடுங்கள். எரிபொருளுக்காக வண்டியை மாற்றுவதென்றால் அளவை அல்ல, ரகத்தை மாற்ற வேண்டும். மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் டீசல் சேஸிஸில் கட்டிய குறுகலான மோட்டார்ஹோம் 13 முதல் 15 வரை தரும். ஆனால் அதில் ஆறு பேர் படுக்க இடம் இருக்காது.

அடுத்தது வேகம். இந்த வண்டி சமவெளியில், காற்றில்லாத நாளில், மணிக்கு 55–60 மைல் வேகத்தில் 9.5-ஐ ஒட்டித் தரும். 65-இல் 8-க்கு மேல் கொஞ்சம். 75-இல் 7-க்குக் கீழேகூட இறங்கும். நெவாடாவிலும் ஐடஹோவிலும் 75, 80 என்று பலகை இருக்கும், பின்னால் வருபவர்கள் எல்லோரும் தாண்டிப் போவார்கள். வலது லேனில் 60–62-இல் உட்கார்ந்துவிடுங்கள். போக வர 1,900 மைல் நெடுஞ்சாலையில் 70-க்குப் பதில் 60 என்றால் மொத்தம் நாலரை மணி நேரம் கூடும், ஏறக்குறைய 50 கேலன் மிஞ்சும். உங்கள் 8-க்கும் 10-க்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான்.

ஜெனரேட்டர்: இந்த ரக வண்டிகளில் பெரும்பாலும் ஓனான் நிறுவனத்தின் 4,000 வாட் ஜெனரேட்டர் இருக்கும். கூரை ஏசியை ஓட்டும்போது மணிக்கு அரை கேலன் என்று வையுங்கள். அது வண்டியின் டேங்கிலிருந்தே எடுக்கிறது என்பதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. 60 மைல் வேகத்தில் 9.5 கொடுக்கும் வண்டி, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டே இருந்தால் பம்ப் கணக்கில் 8.8 ஆகிவிடும். ஆனாலும் ஜூலை மதியத்தில் நெவாடாவில் முன்பக்க டேஷ்போர்டு ஏசி பின்னால் உட்கார்ந்திருப்பவர்களை எட்டாது. பெரியவர்களும் பிள்ளைகளும் இருக்கிறீர்கள், அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். ஓட்டும் நேரத்தை விடிகாலைக்கு நகர்த்துவதுதான் சரியான வழி.

டேங்க் கால் பங்குக்கு வந்ததும் ஜெனரேட்டர் தானாக நின்றுவிடும். பழுது அல்ல. ஊர் போய்ச்சேர எரிபொருள் மிஞ்சட்டும் என்று அதன் குழாயை அந்த உயரத்திலேயே வைத்திருக்கிறார்கள்.

---

மலைப்பாதை:

ராகவி சொன்னது எல்லாம் சரி. நான் மலையைப் பத்தி மட்டும் சொல்றேன்.

சாக்ரமெண்டோ தாண்டினதும் டானர் வரைக்கும் 90 மைல்ல 7,200 அடி ஏறுறீங்க. ஏற்றம் ஆரம்பிக்கும்போதே க்ரூஸ் கண்ட்ரோலை எடுத்துடுங்க. அது 60-ஐ விடக்கூடாதுன்னு ரெண்டு மூணு கியர் தட்டிவிட்டு த்ராட்டிலை முழுசாத் திறக்கும். அதுக்குப் பதிலா காலால பிடிச்சு, வேகம் 50, 45-ன்னு இறங்கினா இறங்கட்டும்னு விடுங்க. கியர் தண்டு நுனியில டோ/ஹால் பொத்தான் இருக்கும், அதை அமுக்கினா கியர் மேலயும் கீழயும் அலையாது. என்ஜின் 4,000 ஆர்பிஎம்ல கத்தும், பயப்பட வேண்டாம், அந்த என்ஜின் அதுக்குத்தான். சமவெளி வந்ததும் மறக்காம அணைச்சுடுங்க. இல்லன்னா தேவையில்லாம கீழ் கியர்லயே ஓடும், மைலேஜ் போகும்.

இறக்கத்துல டோ/ஹால் கட்டாயம். என்ஜினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். ஆர்பிஎம் ஏறுதே, எரிபொருள் போகுமேன்னு நினைக்காதீங்க, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டா எரிபொருளை உள்ளே விடுற இஞ்செக்டர் மூடிக்கும். நியூட்ரல்ல விட்டுட்டு உருட்டுறதுதான் ஆபத்து. பிரேக் காய்ஞ்சு பிடிக்காமப் போகும், அதோட ஐடில்ல எரிபொருளும் எரியும்.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம்னா, காற்றோட எதிர்ப்பு வேகத்தோட மும்மடியா ஏறும். அதனால 55-ல இருந்து 65 போனா எரிபொருள் 65 சதவீதம் கூடிடும்.

---

கணக்கன்_பொய்சி:

மலைப்பாதை அண்ணா, கடைசி வரியில் ஒரு திருத்தம். மும்மடியாக ஏறுவது காற்றைத் தள்ளத் தேவைப்படும் குதிரைத்திறன். ஒரு மைலுக்கு ஆகும் எரிபொருளைப் பார்க்கும்போது காற்றின் விசையைத்தான் எடுக்க வேண்டும், அது வேகத்தின் இருமடியாக (வர்க்கமாக) ஏறும். 55-லிருந்து 65-க்குப் போனால் காற்று விசை 40 சதவீதம் கூடும், டயர் உருளும் எதிர்ப்பு அப்படியே இருக்கும். பாரம் ஏறும்போது பெட்ரோல் என்ஜினின் செயல்திறனும் கொஞ்சம் உயரும். எல்லாம் சேர்ந்து எரிபொருள் 15 முதல் 20 சதவீதம்தான் கூடும். ராகவி கொடுத்த எண்களோடு இது ஒத்துப்போகிறது. குதிரைத்திறன் மும்மடி என்பதன் விளைவு வேறு இடத்தில் தெரியும்: 75-இல் போகும்போது சின்ன மேடு வந்தாலும் கியர் இறங்குவது அதனால்தான்.

இனி சுமை. ஆட்களோடு 13,000 பவுண்டு என்று வையுங்கள். டானருக்கு அந்த எடையைத் தூக்க மட்டும் ஏறக்குறைய 4 கேலன் கூடுதலாக வேண்டும். சமவெளியில் அந்த 90 மைலுக்கு 10 கேலன் போதும், ஏற்றத்தில் 14 ஆகும். அதாவது அந்தத் துண்டில் மட்டும் 6.5-ஐ ஒட்டி நிற்கும். அதைப் பார்த்து வண்டியில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ரீனோவே 4,500 அடியில் இருப்பதால் இறக்கத்தில் 2,700 அடி மட்டும்தான் திரும்பக் கிடைக்கும்.

நீங்கள் 1,000 பவுண்டு கூடுதலாக ஏற்றினால் டானர் ஏற்றத்துக்கு 0.3 கேலன் கூடும். சமவெளியில் 1,000 மைலுக்கு 2 கேலன் சொச்சம். மொத்தத்தில் 2 சதவீதம்தான். அரிசி மூட்டையும் பிரஷர் குக்கரும் தாராளமாக வரட்டும். குறைக்க வேண்டுமென்றால் தண்ணீரைக் குறையுங்கள். ஒரு கேலன் 8.3 பவுண்டு, 40 கேலன் டேங்க் நிறைந்தால் 330 பவுண்டுக்கு மேல். வழிக்கு 10 கேலன் போதும், போய்ச்சேரும் இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம். கழிவு டேங்குகளையும் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். இ-450-க்கு அனுமதித்த மொத்த எடை 14,500 பவுண்டு. ஆறு பேர் என்பதால், சுமையேற்றிய பிறகு லாரி நிறுத்தத்தில் உள்ள கேட் (CAT) ஸ்கேல் எடைமேடையில் ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள். இது மைலேஜுக்காக அல்ல, பின் அச்சுக்காகவும் டயருக்காகவும்.

சுமையைவிடப் பல மடங்கு முக்கியமானதை இதுவரை யாரும் சொல்லவில்லை: காற்று. 60-இல் போகும்போது 15 மைல் எதிர்க்காற்று அடித்தால் வண்டிக்கு அது 75-இல் போவது போல. காற்று விசை 56 சதவீதம் கூடும். அதே காற்று பின்னாலிருந்து வந்தால் 44 சதவீதம் குறையும். கோடையில் ரீனோ பக்கம் பிற்பகலில் மேற்கிலிருந்து பலமாக அடிக்கும், வாஷோ ஜெஃபிர் என்று அதற்குப் பெயரே இருக்கிறது. ஐடஹோவில் ஸ்நேக் ஆற்றுச் சமவெளியிலும் தென்மேற்குக் காற்று பிற்பகலில்தான் வலுக்கும். போகும்போது இந்தக் காற்று பெரும்பாலும் உங்களைத் தள்ளிவிடும். திரும்பும்போது ஐடஹோ, நெவாடா இரண்டிலும் விடியுமுன் கிளம்பி மதியம் ஒரு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள். காற்றில் மாட்டிக்கொண்டால் வேகத்தை 50–55-க்குக் குறையுங்கள். பக்கவாட்டுக் காற்றில் இந்த உயரமான பெட்டி ஆடும், அதற்கும் அந்த வேகம்தான் நல்லது.

---

வளைகுடாவாசி:

மூவருக்கும் நன்றி. 30 அடியே இருக்கட்டும், 60-இல் போகிறோம். இன்னும் இரண்டு சந்தேகம். ஐடஹோவில் ரெகுலர் என்பது 85 ஆக்டேன் என்கிறார்கள், போடலாமா? டயர் காற்று எவ்வளவு வைக்க வேண்டும்? யெல்லோஸ்டோனில் காலையில் நல்ல குளிர் என்றும் கேள்விப்பட்டேன்.

---

கணக்கன்_பொய்சி:

85 வேண்டாம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறி வெடித்து என்ஜின் தட்டுவது) வாய்ப்பும் குறைவு என்ற பழைய கணக்கில் விற்கிறார்கள். ஃபோர்டு இந்த என்ஜினுக்குச் சொல்வது 87. பாரத்தோடு ஏறும்போது நாக் சென்சார் ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கும், சக்தியும் மைலேஜும் இரண்டும் குறையும். மீதி 85-ஓடு கீழே இறங்கினால் இன்னும் மோசம். பம்பில் நடுவில் இருக்கும் 87 அல்லது 88 பொத்தானை அமுக்குங்கள். 91-க்குக் காசு கொடுக்க வேண்டாம். இ-85 என்பது வேறு சங்கதி, 85 ஆக்டேனோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது எத்தனால், கேலனுக்கான ஆற்றலே ஏறக்குறைய கால் பங்கு குறைவு.

டயர்: பெரும்பாலும் எல்டி225/75ஆர்16, லோட் ரேஞ்ச் ஈ. டயரில் எழுதியிருக்கும் 80 பிஎஸ்ஐ அதன் உச்ச வரம்பு. முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு என்பது டிரைவர் கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் இருக்கும், அதைத்தான் வைக்க வேண்டும். காலையில் வண்டி நகர்வதற்கு முன், வெயில் படுவதற்கு முன் பாருங்கள். மதியம் நிறுத்திப் பார்த்து "80-க்கு மேல் ஏறிவிட்டதே" என்று காற்றை இறக்கிவிடுவது பெரிய தவறு, மறுநாள் காலையில் டயர் தளர்ந்து கிடக்கும்.

குளிரைப் பற்றி: ஃப்ரீமாண்டில் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 80 வைத்த டயர், யெல்லோஸ்டோனில் 35 டிகிரி ஃபாரன்ஹீட் காலையில் 6 பிஎஸ்ஐ இழக்கும். ஆனால் 6,700 அடி உயரத்தில் வெளிக்காற்றழுத்தம் குறைவதால் கேஜ் 3 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். நிகரமாக 77. அதற்குக் கீழே காட்டினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் இரட்டைச் சக்கரம். உள்சக்கரத்துக்கு வால்வு நீட்டிப்புக் குழாய் போட்டிருந்தால் அதன் முனைதான் முதலில் கசியும். வண்டியை எடுக்கும்போதே ஆறு டயரையும் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உதைத்துப் பார்ப்பதில் உள்டயர் காலியாக இருப்பது தெரியாது.

---

ரீனோ_ராகவி:

எரிபொருள் போடுவதிலும் சில விஷயம் இருக்கிறது.

இந்த டேங்க் 55 கேலன். நிரப்பும் குழாய் நீளமானது, சரிவு குறைவு. அதனால் பாதியிலேயே பம்ப் டக்கென்று நின்றுவிடும், நிறைந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடுவார்கள். நாசிலைக் கொஞ்சம் வெளியே இழுத்து, பக்கவாட்டில் திருப்பி, விசையைப் பாதி மட்டும் அமுக்கினால் போகும். மைலேஜ் கணக்கும் இதனால்தான் தவறுகிறது. ஒரு முறை அரைகுறையாக நிரப்பினால் அடுத்த முறை 6, அதற்கடுத்து 11 என்று வரும். மூன்று நான்கு நிரப்பலைச் சேர்த்து மொத்த மைலை மொத்த கேலனால் வகுங்கள்.

கலிபோர்னியாவில் விலை அதிகம். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போது டேங்க் முழுதாக இருந்தால் ரீனோ வரை ஏறக்குறைய 30 கேலன்தான் ஆகும், வழியில் போட வேண்டியதில்லை. வெஸ்ட் யெல்லோஸ்டோனுக்கு முன் ஐடஹோ ஃபால்ஸ் அல்லது ரெக்ஸ்பர்கில் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆஷ்டன் தாண்டியதும் ஒரு நல்ல ஏற்றம் இருக்கிறது, மலைப்பாதை சொன்ன முறை அங்கேயும் பொருந்தும்.

பூங்காவுக்குள் அதிகபட்சம் 45 மைல் என்பதால் மைலேஜ் நன்றாக இருக்கும். ஆனால் காட்டெருமைக் கூட்டம் சாலையை மறித்தால் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், என்ஜினை அணைத்துவிடுங்கள். முகாமில் ஜெனரேட்டர் அனுமதி இருந்தாலும் காலை 8 முதல் இரவு 8 வரைதான். பூங்காவுக்குள் மின்இணைப்பு உள்ள இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். அது கிடைத்தால் ஜெனரேட்டரே வேண்டாம். கார்புரேட்டர் உள்ள ஓனான் என்றால் உயரத்துக்கு ஏற்பத் திருப்பும் ஒரு சிறு திருகு இருக்கும். அதைத் திருப்பாமல் விட்டால் எரிபொருள் அதிகமாகப் போய்க் கரும்புகை தள்ளும். வீடு திரும்பும்போது பழைய இடத்துக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

கிளம்பும் ஒவ்வொரு முறையும் கூரை வென்ட் மூடிகள் இறங்கியிருக்கின்றனவா, ஆனிங் (வெளியே விரியும் துணிக்கூரை) பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். திறந்த வென்ட் மூடி காற்றில் இழுக்கும் எரிபொருள் கொஞ்சம்தான். ஆனால் 60 மைல் வேகத்தில் அது பிய்த்துக்கொண்டு போனால் வாடகைக்கு விட்டவர் டெபாசிட்டில் பிடித்துக்கொள்வார்.