மறு: ஆற்றுக் கப்பல் 'பைலட்' – மாலுமியா, நீகானா?

> மிசிசிப்பி ஆற்றில் சரக்கு ஏற்றிப்போன நீராவிப் படகுகளைப் பற்றி எழுதுகிறேன். 'பைலட்' வருகிற இடமெல்லாம் 'மாலுமி' என்று போட்டேன். கேப்டன் வந்ததும் மாட்டிக்கொண்டேன். அவரும் மாலுமிதானே?

வணக்கம் தம்பி.

மாட்டிக்கொண்டது நல்லதுதான். மாலுமி அரபு 'முஅல்லிம்' வழியாக வந்த சொல். வழி தெரிந்த ஆசான் என்ற பொருள் அதில் இருந்தது. இன்றைக்குக் கப்பலில் தளம் கழுவுகிறவரும் மாலுமிதான். தேய்ந்துபோன காசு, இந்த இடத்தில் செல்லாது.

அந்த ஆற்றில் கேப்டன் வேறு, பைலட் வேறு. சரக்கு, கூலி, பயணிகள், கணக்கு எல்லாம் கேப்டன் பொறுப்பு. படகு துறையை விட்டு நகர்ந்த பிறகு எந்தக் கரையை ஒட்டிப் போவது, எங்கே குறுக்கே வெட்டுவது என்பதெல்லாம் பைலட் சொன்னபடிதான். கேப்டன் வாயைத் திறக்கக்கூடாது. ஆளுக்கு 4 மணி நேரம் என்று இரண்டு பைலட்டுகள் மாறி மாறி நிற்பார்கள். 1852-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு பயணிகளையும் ஏற்றுகிற நீராவிப் படகுகளில் உரிமம் இல்லாதவர் பைலட்டாக நிற்க முடியாது.

> 'சுக்கானி' போதாதா? சக்கரத்தைப் பிடிப்பவர் அவர்தானே?

பாதி சரி. சக்கரம் அவர் கையில்தான். ஆனால் அவருக்குச் சம்பளம் கைக்கா, நினைவுக்கா? செயின்ட் லூயியிலிருந்து நியூ ஆர்லியன்ஸ் வரை சுமார் 1,200 மைல். ஒவ்வொரு திருப்பமும், மணல்திட்டும், கரையில் தனியாக நிற்கிற மரமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். பகலில் ஒரு தடவை, இருட்டில் ஒரு தடவை, போகும்போது ஒன்று, வரும்போது வேறொன்று. ஏனென்றால் எதிர்நீரில் ஏறும்போது இழுப்புக் குறைவான கரையோரம் போக வேண்டும், இறங்கும்போது நட்டாற்று ஓட்டத்தோடு போக வேண்டும். இத்தனையும் படித்து முடித்தால் அடுத்த வெள்ளத்தில் ஆறு இடம் மாறியிருக்கும்! இருட்டில் கீழே உலையின் வெளிச்சம் கண்ணைக் கெடுக்குமென்று தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். ஆற்றங்கரையில் அரசு விளக்கு வைக்கத் தொடங்கியதே 1874-இல்தான்.

சாமுவேல் க்ளெமன்ஸ் 1857-இல் ஹொரேஸ் பிக்ஸ்பி என்ற பைலட்டிடம் தொழில் கற்கப் போனபோது பேசிய கட்டணம் 500 டாலர். 1859-இல் உரிமம் வாங்கினார். அப்போது மாதச் சம்பளம் 250 டாலர் அளவுக்கு இருந்தது. 1861-இல் உள்நாட்டுப் போர் வந்து அந்தப் பிழைப்பை முடித்தது. பிறகு எழுத்தாளரானபோது அவர் வைத்துக்கொண்ட பெயர்தான் மார்க் ட்வெய்ன். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டு ஆழம் பார்ப்பவர் போடுகிற கூவல் அது: 'ரெண்டு பாகம்!' 12 அடி, படகு தாராளமாகப் போகலாம். (ஆறடி கொண்ட ஃபேதம் என்ற அளவுக்கு 'பாகம்' என்று நம் மீனவர் சொல்லே இருக்கிறது, தயவுசெய்து 'ஆழ அலகு' என்று எழுதிவைக்காதீர்கள்.)

என் முன்மொழிவு: நீகான், கப்பலோட்டியைக் குறிக்கும் சங்கச் சொல். அகநானூறு 255-இல் வருகிறது. 'அகன்துறை நீகான்' மாடத்தில் எரிகிற விளக்கைக் கொண்டு திசையறிந்து மரக்கலத்தைச் செலுத்துகிறான். கப்பலோட்டிக்கு இன்னொரு பழஞ்சொல்லும் உண்டு, மீகாமன். அது கலத்தோடு போகிறவன் என்று தோன்றுகிறது. நீகானைப் புலவர் துறையோடு சேர்த்துச் சொல்கிறார். இது என் வாசிப்புதான், மறுப்பவர் மறுக்கலாம். ஆனால் அந்த இடத்தின் நீரை அறிந்தவன் என்பதுதானே நமக்கு வேண்டியது? அவனுக்கு விளக்காவது இருந்தது, மிசிசிப்பிக்காரனுக்கு அதுவும் இல்லை.

ஆற்று நீகான், பயிலும் பையனுக்கு இளநீகான். கேப்டனுக்கு 'படகுத் தலைவர்' போதும்.

> சங்கச் சொல்லைத் தூக்கிவந்தால் யாருக்குப் புரியும் ஐயா? 'ஆற்று வழிகாட்டி' என்றால் எல்லாருக்கும் புரியுமே.

இதைக் கேட்ட அம்மாவுக்கு: புரியும், தவறாகப் புரியும். மாமல்லபுரத்தில் சிற்பம் காட்டுகிறவர் நினைவுக்கு வருவார். முதல் பத்தியில் 'ஆற்றின் போக்கை அறிந்து படகைச் செலுத்தும் நீகான்' என்று ஒரு தடவை எழுதிவிட்டால், இரண்டாம் பத்தியில் விளக்கமே வேண்டாம். 'விமானி'யும் ஒரு நாள் புதுச்சொல்லாக வந்ததுதான்.

கிடக்கட்டும், இன்னொரு சிக்கல் பாக்கி இருக்கிறது. வெள்ளத்தில் வந்த மரங்கள் படகின் அடியைக் கிழிக்கும். அடிச்சேற்றில் குத்தி அசையாமல் நிற்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், ஓட்டத்தில் தலையைத் தூக்கித் தூக்கி அமிழ்வதற்கு வேறு பெயர். ஹென்றி ஷ்ரீவ் என்ற படகுத் தலைவர் 1829-இல் ஹீலியோபோலிஸ் என்ற படகைக் கொண்டு பிடுங்கத் தொடங்கியது இவற்றைத்தான். முதலாவதற்கு 'குத்துமரம்' வைத்திருக்கிறேன். இரண்டாவதற்கு 'ஆடுமரம்' எனக்கே பிடிக்கவில்லை, ஊஞ்சல் மாதிரி இருக்கிறது. காவிரி, கொள்ளிடக் கரைக்காரர்கள் யாராவது வெள்ளத்தில் இப்படிப் பார்த்திருந்தால், உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள் என்று எழுதுங்கள்.